நியாயம்தான் என்று சொன்னேன்

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்தைத் தீர்ப்பு வந்த பிறகுதான் தபாலில் போடுவேன். சிறையில் உனக்கு முன்னால் இதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்று கோர்ட்டில் ஒரு வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேர் ஜூரிக்கு ஆள் எடுத்தார்கள்; என்னையும் அழைத்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பேருந்து ஓட்டுநர், நம் நிறம். அரசு வழக்கறிஞர் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: "நம்ம கோர்ட்டுல கறுப்பர், வெள்ளையர் எல்லாருக்கும் ஒரே நியாயம்தான்னு நினைக்கிறீங்களா?" வெள்ளையர்கள் ஆமாம் என்றார்கள். அவர்களுக்குக் கிடைத்திருக்கும். நம்மவர் ஐந்து பேர் இல்லை என்றார்கள். மனச்சாய்வு உள்ளவர்கள் என்று ஐவரையும் நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிறகு என்னிடம் வந்தார். "உங்க தம்பி ஜெயில்ல இருக்காராமே. அவருக்குக் கிடைச்ச தண்டனை நியாயம்தானா, மேடம்?"

அதே காரில், அதே குற்றத்துக்கு உன்னோடு பிடிபட்ட வெள்ளைக்கார டுவெய்ன் இரண்டே வருடத்தில் வெளியே வந்து, நம் தெருமுனையில் டயர் கடை வைத்திருக்கிறான். உனக்கு இன்னும் எட்டு வருடம் பாக்கி.

"நியாயம்தாங்க," என்றேன்.

அந்த ஐவரில் ஒருத்தியாக வெளியே போய்க்கொண்டிருந்த நம் பாதிரியார் மனைவி என் காதருகே குனிந்தாள். "இதக் கேக்க உங்கம்மா உயிரோட இல்லாததே நல்லதுடி."

என்னை எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் அவரை உள்ளே தள்ள முடியும். சாட்சியை ஒழுங்காகக் கேட்க ஒருத்தியாவது வேண்டாமா? அந்த இடத்துக்கு விலையாகக் கொடுக்க உன்னைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை.

ஜூரியில் நம் நிறம் நான் மட்டும்தான். நான் வந்து உட்கார்ந்ததும் அந்த ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொன்னதை அவரும் நம்பிவிட்டார்.

நீ நம்பாதே.

உன் அக்கா