பச்சைத் துப்பட்டா வீடியோ

வியாழக்கிழமை, இரவு.

எங்கள் ஷூ கம்பெனி பஸ் கவிழ்ந்து நான்கு மாதம் ஆகிறது. என் பக்கத்து சீட்டில் இருந்த ஸ்டெல்லா அக்கா செத்துப்போனார். எனக்குத் தோளில் ஐந்து தையல், அவ்வளவுதான். டீக்கடை கேமராவில் பதிவான அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து தினமும் பார்க்கிறேன். ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறேன், ஆனாலும் இதைப் பார்க்கிறேன்.

இன்று காலை என் கணவர் அதை அழித்துவிட்டார். "இன்னாத்துக்கு இதையே பாக்கற? அதாலதான் உனுக்குத் தூக்கமே வர்றதில்ல" என்றார். சரிதான் என்று பட்டது. ஆனாலும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் பர்வீனிடம் போய் நின்றேன். அவளும் அந்த பஸ்ஸில் வந்தவள்தான்.

"அந்த வீடியோவ அனுப்புறியா?"

"அதுல இன்னாக்கா தேடற?"

இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். ஸ்டெல்லா அக்காவின் கையைப் பிடித்து இழுத்ததாக எனக்கு நினைவு. வீடியோவிலோ, பச்சைத் துப்பட்டா போட்ட நான் ஜன்னல் வழியாக இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடுகிறேன். ஒரு தடவையாவது திரும்புகிறேனா என்றுதான் பார்க்கிறேன்.

பர்வீன் தன் போனில் அதைப் போட்டு, என்னோடு உட்கார்ந்து பார்த்தாள்.

"அது நீயில்லக்கா. உன்ன நாலு பேரு தூக்கிகினு வந்தாங்க. அப்போ உனுக்கு நெனவே இல்ல."

அன்று நானும் பச்சைதான் போட்டிருந்தேன். பர்வீன் ஆறுதலுக்குச் சொன்னாளா? நான் கையைப் பிடித்தேனா, இல்லையா? இந்த நான்கு மாதமும் நான் மனசுக்குள் திட்டித் தீர்த்த அந்தப் பெண் யார்?