நான்காம் பக்கத்தில் கையெழுத்து இல்லை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். நீ, உன் மனைவி, சின்னவள் எல்லோரும் சௌக்கியம்தானே? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நீ "கடையில ஆள் நிக்கிறாங்கக்கா" என்று நழுவிவிடுகிறாய். தாளில் அப்படி நழுவ முடியாது.

வழக்கு தோற்று மூன்று வாரம் ஆகிறது. நம் வீட்டுப் பின்கட்டில் நான் கட்டிய இரண்டு அறைகளும் மரக்கடைக்காரர் இடத்தில் நிற்கின்றனவாம், இடிக்க வேண்டுமாம். பக்கத்து மனையை அவர் வாங்கியது பத்து வருஷம் முன்பு. நான் கட்டியது பதினைந்து வருஷம் முன்பு. நின்ற சுவரைப் பார்த்துவிட்டுத்தானே மனுஷன் வாங்கினார்? இது ஒரு ஜட்ஜுக்கு எப்படிப் புரியாமல் போனது என்று யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம். நான் சாட்சி சொன்ன கையோடு லீவு இல்லாமல் ரயில் ஏறிவிட்டேன். அடுத்த வாரம் நீ கூண்டில் ஏறினாய். கேட்டதற்கு "எல்லாம் சரியாத்தான் சொன்னேன்க்கா" என்றாய்.

நான் ரிடையர் ஆக இன்னும் பதினாலு மாதம். அதற்குப் பிறகு போய் உட்கார எனக்கு அந்த இரண்டு அறையை விட்டால் வேறு இடம் கிடையாது.

இங்கே ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். மேல்முறையீட்டில் பொதுவாக யாரையும் மறுபடி கூண்டில் ஏற்ற மாட்டார்களாம். கீழ்க்கோர்ட்டுத் தாள்கள்தான் பேசுமாம். அதனால் தீர்ப்பு, வாக்குமூலம், தாக்கல் செய்த ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் கோர்ட்டு முத்திரை வைத்த சான்று நகல் வேண்டும். மொத்தம் தொண்ணூறு நாள்தான் கெடு. கோர்ட்டு வாசலிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நீ. நாளைக்கே நகலுக்கு மனுப் போடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 14

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் முன்பல் விழுந்து பொக்கை வாயோடு திரிகிறாள். சிரித்தால் உன் ஜாடை.

மனுப் போட்டாயிற்று. ஆனால் நகல் பிரிவு ஆமை வேகம். அங்கே இருக்கும் ஒரே குமாஸ்தாவும் மகள் கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டார். நீ தவிப்பாயே என்று நம் பழைய வக்கீலிடம் இருந்த கேஸ் கட்டை வாங்கி, நானே நகல் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தீர்ப்பில் ஒன்பதாம் பக்கம் மட்டும் மெஷினில் சிக்கிக் கிழிந்துவிட்டது. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. உன் வக்கீலம்மாவிடம் சொல், முத்திரை என்பது ஒரு ரப்பர் ஸ்டாம்ப்தானே, எழுத்து அதே எழுத்துதான்.

வேளைக்குச் சாப்பிடு. எதையாவது நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அன்புத் தம்பி

மார்ச் 23

தம்பிக்கு,

கட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடுதான் இருந்தேன்.

உன் அக்கா ஆஸ்பத்திரியில் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை மறந்துவிட்டாயா? இருபத்தெட்டு வருஷமாக நோயாளிகளின் பழைய தாள்களைக் காவல் காக்கிறவள் நான். எந்தத் தாள் ஃபைலோடு பிறந்தது, எது பிறகு வந்து சொருகிக்கொண்டது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

உன் வாக்குமூலம் ஆறு பக்கம். ஜட்ஜ் சொல்லச் சொல்ல டைப் அடித்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சாட்சியிடம் கையெழுத்து வாங்குவார்கள். எனக்கும் அப்படித்தான் வாங்கினார்கள். ஐந்து பக்கத்தில் உன் கோணல் கையெழுத்து இருக்கிறது. நான்காம் பக்கத்தில் இல்லை. அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் கொஞ்சம் அகலம், எழுத்தும் கொஞ்சம் பொடி. அது எங்கே அடித்தது தம்பி? தீர்ப்பில் ஒன்பதாம் பக்கமாகப் பார்த்து உன் மெஷின் கிழித்ததையும் நான் நம்ப வேண்டுமா?

பழைய வக்கீலுக்குப் போன் போட்டால் "தம்பிகிட்டயே கேட்டுக்கோங்கம்மா" என்கிறார். அதுபோக, போன வாரம் நீ மரக்கடை வாசலில் அரைமணி நேரம் நின்று பேசியதாக ஒருவர் சொன்னார். யார் என்று கேட்காதே. மரக்கடைக்காரரும் நீயும் ஏதாவது பேசி முடித்துவிட்டீர்களா? அப்படி இருந்தால் என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கூடப் பிறந்தவனைப் பார்த்து இப்படிக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது? மரக்கடைக்குப் போனது கடை அலமாரிக்கு ஒரு பலகை வாங்க. இந்த வட்டாரத்தில் அவரை விட்டால் பலகைக்கு யாரிடம் போவேன்?

நான்காம் பக்கம் மங்கலாக இருந்தது. உனக்குக் கண் வலிக்குமே என்று பார்த்து மறுபடி அடித்தேன். நல்லது செய்யப் போய்க் கெட்ட பேர். சான்று நகல் இன்னும் தயாராகவில்லை. தினமும் போய்க் கேட்கிறேன். குமாஸ்தா கையை விரிக்கிறார்.

வயசாக ஆக உனக்குச் சந்தேகம் ஜாஸ்தி ஆகிறது அக்கா. கோபத்தில் சொல்லவில்லை.

தம்பி

ஏப்ரல் 27

தம்பிக்கு,

வக்கீலம்மா தன் ஜூனியரை அங்கே அனுப்பி, என் பெயரில் தனியாக மனுப் போட வைத்தார். நகல் எட்டே நாளில் கைக்கு வந்துவிட்டது. குமாஸ்தாவுக்கு மகளே இல்லையாம். இரண்டும் பையன்களாம்.

நகல் பிரிவில் கொடுத்ததற்கெல்லாம் ஒரு பதிவேடு உண்டு. "ஏற்கெனவே ஒண்ணு வாங்கிட்டுப் போயிட்டாங்களே" என்று அந்த மனுஷன் அதைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். பிப்ரவரி 27. அதே கோணல் கையெழுத்து. நான் உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே முத்திரை வைத்த நகல் உன்னிடம் இருந்திருக்கிறது.

நிஜமான நான்காம் பக்கத்தில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: "வழக்கில் உள்ள அறைகள் இரண்டையும் நானே கட்டினேன். கடை தொடங்கிய பிறகு என் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டினேன்." நீ கடை தொடங்கி ஒன்பது வருஷம். அதாவது மரக்கடைக்காரர் மனை வாங்கிய பிறகு. தீர்ப்பின் ஒன்பதாம் பக்கத்தில், அக்கா ஒன்று சொல்கிறாள், தம்பி ஒன்று சொல்கிறான், தன் கட்சிக்கே பாதகமாகத் தம்பி ஒப்புக்கொண்ட தேதியைத்தான் நம்ப முடிகிறது, அது வழக்குப் போட்டவருக்குச் சாதகம் என்று ஜட்ஜ் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. நீ அனுப்பிய நான்காம் பக்கத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒத்துப் பார்த்தேன்.

இதையும் கேள். நகல் கட்டின் கடைசியில் ஆவணப் பட்டியல் இருக்கிறது. நீ அனுப்பிய கட்டில் அதுவும் இல்லை. அதில் ஏழாவது, பதினைந்து வருஷம் முன்பு அந்த அறைகளுக்கு என் பெயரில் கொடுத்த மின் இணைப்பு உத்தரவு. ஜட்ஜ் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. வக்கீலம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் மேல்முறையீடு போடுகிறார். நீ மறைத்த கட்டுக்குள்தான் என் வீடு இருந்திருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் கெடுவும் முடிந்திருக்கும். மேல்முறையீட்டில் முதல் காரணமே, இரண்டாம் சாட்சியான தம்பி சொன்னது பொய் என்பதுதான்.

ஏன்டா அப்படிச் சொன்னாய்? அது ஒன்றை மட்டும் எழுது.

அக்கா

மே 6

அக்கா,

மரக்கடைக்காரர் எனக்கு எதுவும் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. அதை மட்டும் நம்பு.

அன்றைக்கு என் மாமனார் கோர்ட்டுக்கு வந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சம்பந்தம் பேசும்போது பின்கட்டு நான் கட்டியது என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஏதாவது வேண்டாமா என்று வாயில் வந்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து, "அந்த வீட்டுல நீங்க சொந்தமா ஒரு செங்கல்லாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. மாமனார் என்னையே பார்த்தார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. டைப் அடித்து நீட்டினார்கள், கையெழுத்தும் போட்டுவிட்டேன். தீர்ப்பு வந்ததும் என்ன செய்தேன் என்று புரிந்தது. கெடு போய்விட்டால் நீ அதைப் படிக்கவே வேண்டாம் என்று நினைத்துவிட்டேன். எவ்வளவு கேவலமான நினைப்பு என்று எனக்கே தெரிகிறது.

உன் கடிதம் வந்த அன்றே மாமனார் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "மாப்ளே, பொண்ணு கொடுக்கறதுக்கு முன்னாடியே கொத்தனாரப் பார்த்து விசாரிச்சிட்டேன். அது உங்க அக்கா கட்டினதுன்னு அப்பவே தெரியும். கூண்டுல நீங்க அப்படிச் சொன்னப்போ, வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பாருன்னு நெனச்சேன்" என்றார்.

முதல் காரணத்தை எடுத்துவிடு என்று கேட்க மாட்டேன். அப்படியே போடு. ஊரே கேட்கட்டும். நீ என்னை மன்னிப்பாயா?

தம்பி

மே 19

தம்பிக்கு,

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மேல்முறையீடு தாக்கலானது. அறைகளை இடிக்க இடைக்காலத் தடை கிடைத்திருக்கிறது. வழக்கு முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று வக்கீலம்மாவுக்கே தெரியவில்லை.

நீ சொன்னதை உன் மாமனார் நம்பவில்லை. கொத்தனாருக்கு உண்மை தெரியும். மரக்கடைக்காரருக்கும் தெரியாமல் இருக்காது. உன் பேச்சை நம்பியது இரண்டே பேர். ஒருவர் அந்த ஜட்ஜ். இன்னொருத்தி, "எல்லாம் சரியாத்தான் சொன்னேன்க்கா" என்று நீ சொன்னபோது போனைப் பிடித்துக்கொண்டிருந்த நான்.

ஜட்ஜுக்கு மேலே ஒரு கோர்ட்டு இருக்கிறது. அங்கே திருத்திவிடலாம். என்னை எங்கே கொண்டுபோய்த் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

சின்னவளை இங்கே அனுப்பி வை, லீவுக்கு என்னோடு இருக்கட்டும். பின்கட்டில் இருக்கும் உன் பேப்பர் கட்டுகளை எடுத்துக்கொண்டு, இரண்டு அறைச் சாவியையும் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பிவிடு.

அக்கா