மூன்று பூவையும் நான்தான் பறித்தேன்

என்னங்க,

நம் பெண்ணின் காரியம் முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்பிய மறுநாள் அவளுடைய பேராசிரியர் வந்தார். காட்டிலிருந்து அவள் கொண்டுவந்த தொட்டிச் செடி, நான் களை என்று பிடுங்கப் போனேனே அதுதான், எந்தப் புத்தகத்திலும் இல்லாத புது இனமாக இருக்கலாமாம். அவள் பெயரையே வைப்பார்களாம்.

"பூவைப் பிரிச்சுப் பாத்தாத்தாம்மா எந்தக் குடும்பம்னு சொல்ல முடியும். பூத்துச்சா?"

"மூணு பூத்துச்சு சார். எல்லாத்தையும் பறிச்சு அவ கையில வச்சு அனுப்பிட்டேன்."

இன்னொரு மொட்டு விட்டால் சொல்லச் சொல்லி நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்று ஒரு மொட்டு விட்டது. அவருக்குப் போன் போட்டேன். விரிந்த அன்றே கிளையோடு வெட்டி, காகிதத்தில் வைத்து அழுத்த வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் கை வராது. லீவு கேட்டு வந்து நீங்களே வெட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி