லிபியாவில் எனக்கு என்ன வேலை, நைனா

என் அன்பு நைனாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ப் பத்து மாதம் ஆன பிறகுதான் எனக்கு லீவு கிடைத்தது. வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் டவுனுக்குப் போகிறேன், பஸ் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டு வேலை எதுவும் இல்லாமல் அடுத்த பஸ் பிடித்து நம் ஊர் அடி அண்ணாமலைக்குத் திரும்புகிறேன். கொல்லைக்குப் போகிறேன், மோட்டார் கொட்டகையைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். இந்தக் கடிதத்தையும் மூன்று முறை பாதியில் விட்டு எழுந்து போய்விட்டேன்.

உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை இப்படி நாலு பேர் படிக்க எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். பொய்யை ஊரறியச் சொன்னவன், உண்மையை மட்டும் ரகசியமாகச் சொன்னால் எப்படி?

எழுபத்தெட்டில் நாங்கள் கிளம்பிய நாள் உங்களுக்கு மறந்திருக்காது. சகுந்தலா பெரியாஸ்பத்திரியில் நர்ஸ், நான் தாலுக்கா ஆபீஸில் டைப்பிஸ்ட். மெட்ராஸில் நடந்த இன்டர்வியூவில் லிபியா ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவளை எடுத்துக்கொண்டார்கள். புருஷன் கூட வரலாம், வேலையை அவனே தேடிக்கொள்ள வேண்டும் என்றார்கள். நீண்ட லீவு கேட்டேன், தரவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஐந்து நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை. ஆறாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, சகுந்தலா பக்கத்தில் நிற்கும்போதே கேட்டீர்கள்:

"பொண்டாட்டி சம்பாரிக்க, நீ குந்திகினு துன்றதுக்கா சர்க்கார் உத்தியோகத்த வுட்டுட்டுப் போற?"

"அங்க எனக்கும் ஆபீஸ் வேலதான் கெடைக்கும் நைனா" என்றேன். யாரும் எனக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கவில்லை. பஸ் கிளம்புகிற அவசரத்தில் வாயில் வந்தது.

அங்கே போய் இறங்கினால் கடைப் பலகையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் எல்லாமே அரபி. டைப்ரைட்டரும் அரபி, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் ஓடுகிறது. தேரடித் தெருவில் இன்ஸ்டிடியூட்டுக்கு நடந்து நடந்து இங்கிலீஷ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவன் நான். அந்தச் சர்டிபிகேட்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ரோடு போடும் கம்பெனி, துறைமுகம், மாவு மில் என்று ஏறி இறங்கினேன். ஏழு மாதம். ஒரு கம்பெனியில் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

காலையில் சகுந்தலா டியூட்டிக்குப் போவாள். நான் சமைத்து, மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு எடுத்துப் போவேன். மற்ற நர்சுகள் சிரித்தபடி வழிவிடுவார்கள். அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை என்று தோன்றும். இரண்டு தடவை, திரும்பிவிடலாமா என்று நானே ஆரம்பித்தேன். திரும்பி வந்து உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நானே நிறுத்திக்கொண்டேன்.

எட்டாவது மாதம் ஆஸ்பத்திரி லாண்டரியில் ஓர் ஆள் நின்றுவிட்டான். அதன் மேஸ்திரி ஒரு எகிப்துக்காரர். ஈரத்துணி மூட்டை ஒன்றைக் காட்டி, தூக்க முடியுமா என்று கையாலேயே கேட்டார். தூக்கிக் காட்டினேன்.

"வேணாம்னா வேணாம். எனக்காகப் போவாதீங்க" என்றாள் சகுந்தலா.

"உனக்காக இல்ல. சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிடும்."

போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் துணி. சோடாவும் பிளீச்சும் முதல் வாரத்திலேயே விரல் இடுக்குகளைத் தின்றுவிட்டன. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உங்களுக்கு என்ன எழுதுவது என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. நம் ஊரில் நமக்குத் துணி வெளுத்துத் தந்தவரை நாம் எந்த வாசலில் நிற்க வைத்தோம், எந்தப் பாத்திரத்தில் கஞ்சி ஊற்றினோம்? அந்த வேலையை நான் செய்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. ஆஸ்பத்திரி ஆபீஸில் வேலை கிடைத்தது, மேஜை நாற்காலியெல்லாம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதினேன். அதில் ஆஸ்பத்திரி மட்டும் உண்மை.

எண்பத்தொன்றில் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தோமே. கல்யாணம் முடிந்த மறுநாள் களத்தில் உட்கார்ந்து எல்லோரும் மல்லாட்டைச் செடியில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தோம். நீங்கள் செடியைக் கீழே வைத்துவிட்டு என் கையையே பார்த்தீர்கள்.

"கை ஏன்டா இப்பிடி வெடிச்சிகெடக்குது?"

"அங்க தண்ணி உப்பு ஜாஸ்தி நைனா."

மேலே ஒன்றும் கேட்காமல் செடியை எடுத்துக்கொண்டீர்கள். நம்பிவிட்டீர்கள் என்று நினைத்தேன். அதன் பிறகு நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பி முருகன் எழுதி அனுப்பிய ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் ஒரு வரி இருக்கும்: வேலை எப்படி இருக்கிறது, ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுதவும். ஒவ்வொரு தடவையும், நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

நீங்கள் போன தந்தி ஆறு நாள் கழித்து வந்தது. நாட்டை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. முருகன் கொள்ளி வைத்தான். மூத்தவன் நான், ஈரப் போர்வைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

இதற்கு மேல் எழுத முடியாமல் போய்விட்டு வந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு எழுதுகிறேன்.

நான்கு நாள் முன்பு, பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த சகுந்தலாவிடம், மனதைத் தேற்றிக்கொள்கிற மாதிரி ஒன்று சொன்னேன்.

"நல்ல வேள. நான் இன்னா வேல செய்றேன்னு தெரியாமலே நைனா போயிட்டாரு."

அவள் அடுக்குவதை நிறுத்தினாள்.

"தெரியும்."

"யாரு சொன்னது?"

"நான்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தப்போ கேட்டாரு. 'அவன் கையி ஆபீஸ் வேல செய்ற கையி இல்லம்மா, நீ பொய் சொல்ல மாட்ட, சொல்லு'ன்னாரு. சொல்லிட்டேன். அப்பறம், 'அவனா சொல்லட்டும். நீ சொன்னன்னு சொல்லாத'ன்னாரு."

"நாலு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லிடுவீங்கன்னு அவரும் பாத்துகினு இருந்தாரு, நானும் பாத்துகினு இருந்தேன்."

அன்றைக்குப் பிடித்த நடை இன்னும் நிற்கவில்லை. கடிதத்தின் அந்தக் கடைசி வரிக்கு அர்த்தம் அதுதானா? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தீர்களா? தங்கச்சியின் மறுவீட்டு விருந்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் என்னை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்தது, தெரிவதற்கு முன்பா பின்பா? யாரைக் கேட்பது?

மறுநாள் தாலுக்கா ஆபீஸ் எதிர் டீக்கடையில் பழைய ஹெட் கிளார்க்கைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகிவிட்டார். என்னைக் கண்டதும் எழுந்து பெஞ்சில் இடம் கொடுத்தார்.

"வாங்க சார். உங்க நைனா சாவறதுக்கு ஒரு மாசம் முன்னாடிகூட இங்க வந்து குந்தினு ஒரே உங்க பேச்சுதான். எம் பையன் கையெழுத்து போடாம அங்க ஒரு மருந்து பாட்டில்கூட வெளிய போவாதுன்னாரு. ரூமுக்கே தனியா ஏசி வெச்சிருக்காங்களாமே?"

நைனா, ஏசியை நான் எழுதவில்லை. கையெழுத்தையும் எழுதவில்லை. எல்லாம் தெரிந்த பிறகு, என் பொய் பழசாகிவிடாமல் நீங்களே புதிது புதிதாகச் சேர்த்திருக்கிறீர்கள். சந்தையில் ஒரு படி கம்மியாக அளந்தவனோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த மனுஷன் நீங்கள்.

"அதெல்லாம் இல்ல சார். நான் லாண்டரில துணி தொவைக்கிறேன். ஏழு வருஷமா அதே வேலதான்" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ உங்க நைனாவுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா அப்பிடிச் சொன்னாரு?" என்று கேட்டார். பிறகு எனக்கும் சேர்த்து இன்னொரு டீ சொன்னார்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். நீங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரு துணிடா?"

"நோயாளிங்க துணிமா. பிரசவ வார்டு, ஆபரேஷன் ரூம், எல்லாம்."

"ரத்தமா இருக்குமே."

"இருக்கும்."

"எப்பிடிப் போவுது?"

"மொதல்ல பச்சத்தண்ணில ஊற வெக்கணும்மா. சுடுதண்ணி பட்டுதுன்னா கற அப்பிடியே தங்கிடும். ரெண்டு தண்ணி மாத்தின அப்பறம்தான் சோடா. அப்பறம் கொதிக்கவெச்சி, அலசி, இஸ்திரி."

ஏழு வருஷத்தில் நம் வீட்டில் ஒருவரிடம் என் வேலையைப் பற்றி நான் பேசியது அதுதான் முதல் தடவை. மேஸ்திரி ஊருக்குப் போன பிறகு நான்தான் மேஸ்திரி, எனக்குக் கீழே ஒன்பது பேர் என்றும் சொன்னேன். அம்மா என் கையை இழுத்து விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். "பிள்ள பெத்தவ வெள்ளத் துணில படுத்தா நல்லாத்தான்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

இவ்வளவுதான் நைனா. உங்களிடமும் இப்படித்தான் முடிந்திருக்கும் போல. மல்லாட்டை ஆய்ந்துகொண்டே கேட்டிருப்பீர்கள்.

சகுந்தலாவின் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்து வந்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை கிளம்புகிறோம். போவதா இருப்பதா என்று இன்றைக்குக் காலை வரை மனம் மாறி மாறி அலைந்தது. போகிறோம். என் வேலையும் அங்கேதான் இருக்கிறது. இனி முருகனுக்கு எழுதும் கடிதத்தில், அன்றன்றைக்கு எத்தனை மூட்டை வந்தது, எந்த மிஷின் நின்றுபோனது என்று எழுதுவேன். அம்மாவுக்கு அவன் உரக்கப் படித்துக் காட்டட்டும், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. எனக்காக நீங்கள் இனி யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மூத்த பிள்ளை,
சகுந்தலாவின் கணவன்,
தணிகாசலம்