மஞ்சள் கோட்டுக்கு முப்பது அடி மேலே

4 ஜூலை, வியாழன்

விடியற்காலையில் தூறல். ஏழு மணிக்கு நின்றது. தஞ்சோங் கிளிங்கிலிருந்து டவுனுக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது, அவ்வளவு நெரிசல்.

கொண்டுபோனவை: போத்தல் ஐந்து, ஐஸ் பெட்டி, கையுறை, லேபிள். மறந்தது: குடை, வழக்கம்போல்.

வாராவாரம் லேப் சோதனைக்கு ஆற்றில் ஐந்து இடத்தில் தண்ணீர் பிடிக்க வேண்டும். இடம் மாறக் கூடாது என்று கைப்பிடிக் கம்பியில் நானே மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். மூன்று முடிந்தது. நான்காவது (புள்ளி 4, சுருக்கமாக பு.4) ருக்குமணி அக்காவின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால். கடையோரச் சாக்கடை, அந்த லோங்காங், ஆற்றில் வந்து விழும் வாய்க்குச் சற்றுக் கீழே.

அக்கா பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"பசியாறிட்டியா தம்பி? தோசை ஊத்தவா?"

"வேலை முடியட்டும்கா."

"இங்க நாத்தமா இருக்கு, கோவிச்சுக்காதே. கக்கூஸ் தொட்டி ரொம்பிப் போச்சு. அள்ற லாரி அடுத்த வாரந்தான் வருமாம். என்னாலா செய்றது?"

எட்டிப் பார்த்தேன். தொட்டி மூடியின் விளிம்பில் கசிவு. நேராக லோங்காங்குக்குள். மஞ்சள் கோட்டில் பிடித்தால் லேப் தட்டில் கிருமி கொட்டிக் கிடக்கும். கடைக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

என் மனைவி மலர் ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு மாதமும் எனக்குக் காலைச் சாப்பாடு இந்தக் கடையிலிருந்துதான். நான் வாய் திறந்து கேட்டதில்லை. பொட்டலம் கட்டித் தயாராக இருக்கும். மலர் போன பிறகும் கொஞ்ச நாள் வந்தது.

முப்பது அடி மேலே, தண்ணீர் வரும் பக்கமாக நடந்தேன். லோங்காங் வாய்க்கு மேல்பக்கம் குனிந்து போத்தலை நிரப்பினேன். லேபிளில் பு.4 என்றே எழுதினேன். ஒரு வாரம்தானே, லாரி வந்துவிடும்.

அக்கா கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். முகதாட்சண்யம்.

தோசை இரண்டு, சம்பல் காரம் அதிகம்.

5 ஜூலை, வெள்ளி

புழுக்கம். சுங்கை ஊடாங் லேபில் ஏர்கான் மறுபடி மக்கர்.

தட்டுகளில் வளர்ந்த கிருமிப் பொட்டுகளை எண்ணினேன். ஐந்தும் நல்ல தண்ணீர் (பு.5 கடல் முகத்தில், அங்கே எல்லாம் கரைந்துவிடும்). பு.4-இல் நீலப் பொட்டு விரல் விட்டு எண்ணிவிடலாம். இருக்காதா பின்னே, மேல்பக்கத் தண்ணீர்தானே. ரிப்போர்ட் போயிற்று. படகுத் துறைப் பலகையில், தண்ணீரில் இறங்கலாம் என்ற பச்சை அட்டை மாட்டிவிட்டார்களாம்.

வாங்க வேண்டியவை: பல்ப், வெங்காயம், பிரஷர் மாத்திரை.

சாயங்காலம் தேவன் போன். புலாவ் செபாங் பக்கத் தோட்டத்துப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சு. பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன். சர்க்கரை ஏறிப்போய், டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னதும் கயாக் பிடித்துக்கொண்டான். சனிக்கிழமை தவறாமல் துடுப்பு. பலகையை நம்ப மாட்டான், என்னைத்தான் கேட்பான்.

"மச்சான், தண்ணி எப்படி?"

படகுத் துறை அக்கா கடைக்குக் கீழ்ப்பக்கம். எனக்குத் தெரியாதா?

"எறங்கலாம்."

"நீ சொன்னா சரிலா."

வெங்காயம் வாங்க மறந்தேன்.

6 ஜூலை, சனி

நல்ல வெயில். துணி துவைத்தேன்.

பத்து மணிக்குத் தேவன் படம் அனுப்பினான். ஆரஞ்சு ஜாக்கெட், தொப்பை, வாயெல்லாம் பல். கீழே எழுதியிருந்தான்: "ஏறுறப்ப படித்தகரம் கால்ல கிழிச்சிருச்சு. ஒன்னுமில்ல."

சோப்புப் போட்டுக் கழுவு, டாக்டரைப் பார் என்று உடனே அனுப்பினேன்.

"அலாமா, சின்னக் கீறல்டா. பொம்பள மாதிரி பயப்படுற."

ஏன் என்று சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. சொல்லவில்லை.

8 ஜூலை, திங்கள்

தேவன் மனைவி செல்வி காலையிலேயே போன். காய்ச்சல், பாதம் முழுக்க வீக்கம், செருப்புப் போட முடியவில்லை. கிளினிக் மாத்திரை கேட்கவில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போம்மா. ஆத்துத் தண்ணி பட்ட காயம்னு சொல்லு."

"தண்ணி நல்லாருக்குன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. மடப்பயல் நான்.

10 ஜூலை, புதன்

மழை. வார்டில் தேவன். ஊசி, டிரிப், கால் தலையணை மேல். கட்டுக்கு வெளியே தெரிந்த தோல் கத்தரிக்காய் நிறம். பக்கத்துக் கட்டில்காரரிடம் பஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

என்னைக் கண்டதும், "என் தப்புதான் மச்சான். காலணி போடாம ஏறினேன்."

இளம் டாக்டர் வந்து எந்தத் தண்ணீர், எப்போது என்று கேட்டார். தேவன் என்னைக் காட்டினான். "இவருதான் அந்த ஆத்துக்கு டாக்டர்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

கீழே ருக்குமணி அக்கா, கையில் கஞ்சித் தூக்கு. தேவனும் அவர் கடை வாடிக்கைதான். "பாவம்பா அந்த மனுசன்" என்றார்.

11 ஜூலை, வியாழன்

வானம் மூடியிருந்தது. போத்தல் ஆறு.

லாரி இன்னும் வரவில்லை. கசிவு அதிகம். மஞ்சள் கோட்டில் ஒன்று பிடித்தேன், முப்பது அடி மேலே இன்னொன்று. அக்கா ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தார். கடைப் பெண் டீ கொடுத்தாள். குடிக்கவில்லை.

12 ஜூலை, வெள்ளி

மேல்பக்கத் தட்டு: விரல் விட்டு எண்ணலாம்.
மஞ்சள் கோடு: எண்ண முடியாது. தட்டு முழுக்க நீலம்.

முப்பது அடி.

தேவன் காலைக் கெடுத்தது இதுதான் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல மாட்டார். நான் சொல்வேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்குச் செல்வி: "எடுத்துட்டாங்கண்ணே. பாதிப் பாதம்." அழவில்லை அவள். நான்தான் கார் பார்க்கில் உட்கார்ந்து அழுதேன்.

14 ஜூலை, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

செல்வி கேன்டீன் போயிருந்த நேரம். அக்காவின் தொட்டி, மஞ்சள் கோடு, லேபிள், எல்லாம். தேவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காலைக் கட்டிப் போட்டிருந்த துணியை ஒரு தரம் இழுத்துவிட்டான். பிறகு கேட்டான்:

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"விட்டுருடா. தெனம் கஞ்சி கொண்டு வர்றாங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க கடைய மூடுறது? லாரி வரட்டும்."

"நானும் அப்படித்தான்டா நெனச்சேன்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

15 ஜூலை, திங்கள்

ரிப்போர்ட்டை அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம்: நான்காம் தேதி பு.4 போத்தல் தவறான இடத்தில் எடுக்கப்பட்டது, எடுத்தவன் நான்.

மேனேஜர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "இத்தனை வருசம் வேலை பார்த்த ஆளு, உங்களுக்கு என்ன வந்துச்சு?" விசாரணை வருமாம். வேலை போனாலும் போகலாம். அதைப் பற்றிக் கவலைப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை.

துறையில் சிவப்பு அட்டை. சாப்பாடு ரொட்டி.

17 ஜூலை, புதன்

நல்ல வெயில். கடைக்கு நோட்டீஸ் ஒட்டி மூடிவிட்டார்களாம். தேவனுக்குக் கட்டுப் பிரித்துப் புதுக் கட்டு. போனில் கேட்டதற்கு "ம்" என்றான், அவ்வளவுதான். ஏதாவது கேட்க மாட்டானா என்று போனை வைக்காமல் இருந்தேன்.

பல்ப் மாற்றினேன்.

18 ஜூலை, வியாழன்

தூறல். குடை எடுத்துப் போனேன். விசாரணை முடியும் வரை வேறு ஆள் தண்ணீர் பிடிப்பான், இடம் காட்ட என்னை வரச் சொன்னார்கள். மஞ்சள் கோடுகளைக் காட்டினேன். நான்காவதில் அவனை அடுத்த இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் நின்றேன்.

அக்கா பின்வாசலில். நாற்காலியெல்லாம் கவிழ்த்துப் போட்டிருந்தது. திட்டுவார் என்றுதான் போனேன்.

"தேவன் சொல்லி, செல்வி எங்கிட்ட எல்லாம் சொன்னுச்சு தம்பி."

"மன்னிச்சிருங்கக்கா. உங்க கடைய..."

"கடைய விடு. தொட்டி வழியுதுன்னு உங்கிட்டதானே சொன்னேன்? நீதானே வாராவாரம் தண்ணி பார்க்குற. மோசம்னா நீ சொல்லிருவே, அன்னைக்கே மூடிறலாம்னு இருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "வேற எடத்துல புடின்னு நான் கேட்டேனா தம்பி?"

இல்லை அக்கா என்றேன்.