மகளுக்குச் செய்த தலைமாட்டுப் பலகை

ஞாயிறு, இரவு

மகளின் தலைப்பிரசவத்துக்கென்று ஒதுக்கிய அறை இன்று தயாராகிவிட்டது. கடையில் சொன்ன விலைக்குப் பயந்து, ஏலக்காய் காயவைக்கும் பழைய மரத்தட்டுகளை மலையிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்து, கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகையை நானே செய்தேன். பிள்ளையைக் கீறிவிடக் கூடாதென்று உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன்.

சாயங்காலம் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா தேவாரத்துல மாமா வீட்லதான இருக்காங்க, பிரசவத்துக்கு நானும் அங்கயே போறேன். நீங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசுனா, நானும் அம்மாவும் போடிக்கே, நம்ம வீட்டுக்கு வந்துர்றோம்."

"கூடப் பொறந்தவன்னு என் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போய் வீட்ல வச்சுக்கிட்டவன்கிட்ட எனக்கென்ன பேச்சு, ஆத்தா?"

"அப்பச் சரிப்பா." வைத்துவிட்டாள்.

பலகையைப் பற்றி நான் சொல்லவேயில்லை. அந்தக் கட்டிலில் நானே படுத்து இதை எழுதுகிறேன். எவ்வளவு தேய்த்தும் மரத்தில் ஏல வாசம் போகவில்லை. மச்சான் நம்பரை நான் இன்னும் அழிக்கவும் இல்லை.