நாலாவது பேய்

டிசம்பர் 25, இரவு. ஷார்ஜா கேம்ப்.

இன்று கேம்ப் ஹால் டிவியில் அந்தக் கிறிஸ்துமஸ் கார்ட்டூனை முதல்முறையாக முழுதாகப் பார்த்தேன். கஞ்ச முதலாளிக்கு ராத்திரியில் பேய்கள் வந்து புத்தி சொல்லும் கதை. மகள் கயல் சின்னவளாக இருந்தபோது, வருஷாவருஷம் ஊரில் டிவி முன்னால் உட்கார்ந்து அதைப் போனில் எனக்குச் சொல்வாள்.

மூன்றாவது பேய் போனதும் முதலாளி திருந்திவிட்டார். படம் முடிந்தது.

"இருடா, இன்னொரு பேய் வரணும்" என்றேன்.

"மாஃபி பேய். கலாஸ். இனி பேய் இல்ல, முடிஞ்சுது" என்று பக்கத்துக் கட்டில் செல்வம் டிவியை அணைத்தான்.

கயலுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"அது நானா சேர்த்ததுப்பா. படம் முடிஞ்சா நீங்க போனை வச்சிருவீங்கல்ல."

எனக்கு அந்தப் பேயைத்தான் ரொம்பப் பிடிக்கும். முதலாளியை மிரட்டி, அவரிடம் வேலை பார்க்கும் கணக்குப்பிள்ளைக்கு லீவு வாங்கிக்கொடுத்து, ஃப்ளைட் ஏற்றி வீட்டுக்கு அனுப்பும். அந்த இடம் வந்தால் சத்தமாகச் சிரிப்பேன்.

கயல் என்னோடு சேர்ந்து சிரித்ததாக ஞாபகம் இல்லை.